பின்தங்கிய பிறகு ஆடும் ஆட்டம்

ஐ-லீக் கால்பந்துக் கோப்பை விஷயத்தில், தமிழ்நாடு-கேரள எல்லை மலையிலுள்ள வண்டன்மேட்டுக்காரருக்கு இரட்டைப் பாத்தியதை உண்டு. மலைக்குக் கிழக்கேயுள்ள சென்னை சிட்டியும் வென்றது, மேற்கேயுள்ள கோகுலம் கேரளாவும் வென்றது. இரண்டுமே கடைசி நாளில், ஒரு கோல் பின்தங்கிய பிறகு.

2019 மார்ச் 9, கோவை. ஆட்டம் சூடுபிடிக்கும் முன்பே மினர்வா பஞ்சாப் கோல் அடித்துவிட்டது. அதே நாளில் கோழிக்கோட்டில், கோப்பைக்குப் போட்டியிட்ட ஈஸ்ட் பெங்கால் ஜெயித்தது (தோற்றது கோகுலம்தான்!). ஆகவே சென்னைக்கு டிராவும் உதவாது. சென்னையின் முன்கள வீரர் மான்சியின் பெனால்டி, பிறகு தடுப்பாட்டக்காரரான கௌரவ் போராவின் இரண்டு கோல்கள், 3-1. ஒரே புள்ளி வித்தியாசத்தில் கோப்பை.

2021 மார்ச் 27, கொல்கத்தா. ட்ராவ் அணியிடம் கோகுலம் 70-வது நிமிடம் வரை 0-1. பிறகு ஏழே நிமிடத்தில் மூன்று கோல்கள், கடைசியில் இன்னொன்று. இரண்டாவதை அடித்த வயநாட்டு எமில் பென்னிக்கு அப்போது இருபது வயதுதான்.

இப்படிப் பின்தங்கி மீள்வதை ‘வெறி’ என்று சொல்லிவிடுவது நம் பழக்கம். எனக்கு ஒப்பவில்லை. பந்தைக் காலில் வைத்து ஆடும் முறையைத்தான் பயிற்சியாளர் அக்பர் நவாஸ் சென்னைப் பையன்களுக்கு சீசன் முழுக்கப் பழக்கினார். பதற்றத்தில் கால் தேடிப்போவது பழகிய பாதையைத்தான். நம் பள்ளி மைதானங்களிலோ பயிற்சி ஆட்டம் எப்போதும் 0-0-வில் தொடங்குகிறது. வாரம் ஒருநாளாவது, ஒரு கோல் பின்தங்கி, இருபது நிமிடம் மீதி என்று வைத்து ஆட விடுங்கள்.