நட்டால் மட்டும் போதுமா?

விதைப்பவரின் உவமையை நாம் அனைவரும் கேட்டிருக்கிறோம். அதில் வழியோரம் விழுந்த விதைகளுக்கு நல்ல முடிவு இல்லை. பறவைகள் வந்து தின்றுவிடுகின்றன. ஆனால் அந்த வழியோரத்திலேயே மரம் வளர்த்துக் காட்டிய மனிதர்களும் உலகில் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றியும், அவர்களைப் போல் ஆக முயன்று தோற்ற எங்களைப் பற்றியும் இங்கே சில சொல்ல விரும்புகிறோம்.

குப்பத்துப் பக்கமிருந்து நம் பள்ளியின் பின்வாசலுக்கு வரும் மண்பாதையை அறியாதவர் நம்மில் யார்? ஒருபுறம் சீமைக்கருவேல முள், மறுபுறம் அறுந்த வலைத்துண்டுகளும் உடைந்த பாட்டில்களும் பிளாஸ்டிக் பைகளும். ஒதுங்கி நிற்க ஒரு மரமில்லை. மீன்கூடை சுமந்து செல்லும் தாய்மார்களும், புத்தகப்பை சுமந்து வரும் சிறு வகுப்புத் தங்கைகளும் மணல் சுடச்சுட அந்த வழியேதான் நடக்கிறார்கள்.

சென்ற ஆண்டு ஜூன் மாதம், உலகச் சுற்றுச்சூழல் தினத்தை ஒட்டி, அப்போது ஒன்பதாம் வகுப்பிலிருந்த நாங்கள் அந்தப் பாதையைக் கூட்டிப் பெருக்கி நாற்பது மரக்கன்றுகள் நட்டோம். படம் எடுத்தார்கள். கைதட்டினார்கள். மிட்டாய் கொடுத்தார்கள். நாங்களும் பெருமையோடு வீடு திரும்பினோம். ஆவணியில் போய்ப் பார்த்தபோது மூன்று கன்றுகள் மட்டுமே உயிரோடு நின்றன! மற்றவற்றில் சில கருகியிருந்தன. சிலவற்றை ஆடுகள் மேய்ந்திருந்தன.

அந்த மூன்று மட்டும் பிழைத்தது எப்படி? அருகிலிருந்த குடிசையில் வாழும் ஆயா, அரிசி களைந்த தண்ணீரை நாள்தோறும் அவற்றுக்கு ஊற்றி வந்திருக்கிறார். எங்களைக் கண்டதும், "இன்னாம்மா, நட்டுட்டுப் போயிட்டா ஆச்சா? அதுக்குத் தாகம் எடுக்காதா?" என்று கேட்டார். எங்களிடம் பதில் இல்லை. தலைகுனிந்து நின்றோம்.

அதன் பிறகுதான் நூலகத்தில் இது பற்றித் தேடிப் படிக்கத் தொடங்கினோம். கேட்பாரற்ற நிலத்தில், யாரிடமும் சொல்லாமல் செடி வைத்துவிட்டு வருவதற்கு மேல்நாடுகளில் 'கெரில்லாத் தோட்டவேலை' என்று பெயராம். வகுப்பில் இதைப் படித்தபோது குரங்கை நினைத்துச் சிரித்தவர்கள் உண்டு! மறைந்திருந்து திடீரென்று தாக்கும் கெரில்லாப் போர்முறையிலிருந்து வந்த பெயர் அது. நியூயார்க் நகரில் லிஸ் கிறிஸ்டி என்னும் பெண் ஓவியரும் அவருடைய நண்பர்களும் 1973-ஆம் ஆண்டு, குப்பைமேடாய்க் கிடந்த ஒரு மூலைமனையைச் சுத்தம் செய்து தோட்டமாக்கினார்கள். வேலி போட்டுப் பூட்டிய வெற்றுமனைகளுக்குள் விதை உருண்டைகளை வீசி எறிந்தார்கள். மறு ஆண்டே நகராட்சி அந்த மூலைமனையை மாதம் ஒரு டாலர் வாடகைக்கு அவர்களுக்கே விட்டது. முதலில் தோட்டம் வந்தது. அனுமதி பின்னால் வந்தது.

இதைப் படித்ததும் எங்களுக்குள் விவாதம் எழுந்தது. "அனுமதி கேட்டால் ஆண்டுகள் ஓடும், கேட்காமலே நடுவோம்" என்றது ஒரு கட்சி. "பொது இடம் எல்லாருக்கும் சொந்தம், அதில் நம் விருப்பப்படி குழி தோண்ட நமக்கு என்ன உரிமை?" என்றது மறு கட்சி. இரண்டிலும் நியாயம் உண்டு. ஆனால் இரு கட்சியினருமே முக்கியமான ஒன்றை மறந்துவிட்டோம் என்பது, நம் அண்டை மாநிலத்து மூதாட்டி ஒருவரின் வரலாற்றைப் படித்தபோது விளங்கியது.

கர்நாடக மாநிலத்து ஹுலிகல் கிராமத்தில் வாழ்ந்தவர் திம்மக்கா. பள்ளிக்கூடம் சென்றவரல்லர், கூலி வேலை செய்தவர். அவருக்கும் அவர் கணவர் சிக்கையாவுக்கும் குழந்தை இல்லை. இருவரும் தங்கள் ஊரிலிருந்து கூதூர் செல்லும் சாலையோரத்தில் ஆலங்கன்றுகளை நடத் தொடங்கினார்கள். முதலாண்டு பத்து, இரண்டாம் ஆண்டு பதினைந்து, மூன்றாம் ஆண்டு இருபது. ஒரே நாளில் நாற்பது நட்ட எங்களுக்கு இந்தக் கணக்கே ஒரு பாடம். தங்களால் எத்தனைக்குத் தண்ணீர் சுமக்க முடியுமோ அத்தனைதான் நட்டார்கள்! குடங்களில் நீர் சுமந்து நான்கு கிலோமீட்டர் நடந்தார்கள். மாடு கடிக்காதபடி ஒவ்வொரு கன்றுக்கும் முள்வேலி கட்டினார்கள். மழைக்காலம் பார்த்தே நட்டார்கள். இவ்வாறு வளர்ந்த ஆலமரங்கள் 385 என்பர். 'சாலுமரத' என்றால் கன்னடத்தில் வரிசை மரம் என்று பொருள். அதுவே அவர் பெயரோடு சேர்ந்துவிட்டது. 2019-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். அதே ஆண்டு சாலையை அகலப்படுத்துவதற்காக அம்மரங்களுக்கு ஆபத்து வந்தபோது, நூறு வயதைக் கடந்த அந்தத் தாய் முதலமைச்சரிடமே சென்று அவற்றுக்காக முறையிட்டார். 2025 நவம்பரில் அவர் மறைந்தார்.

அந்தச் சாலை திம்மக்காவின் சொத்தா? இல்லை. ஆயினும் அம்மரங்களுக்காகப் பேச அவருக்கு உரிமை இருந்தது. அந்த உரிமையை அவருக்குத் தந்தது எது? நட்ட கையன்று, நீர் சுமந்த தோளே! எனவே, "கேட்டு நடுவதா, கேளாமல் நடுவதா?" என்பது இரண்டாவது கேள்விதான். "நாளை இதற்குத் தண்ணீர் ஊற்றப்போவது யார்?" என்பதே முதற்கேள்வி. அதற்கு விடை தெரியாமல் நடுகின்றவர், அனுமதி பெற்று நட்டாலும் தவறு செய்தவரே.

அப்படியானால் அனுமதியே வேண்டாமா? மற்ற ஊர்களுக்கு எப்படியோ, நம் மாமல்லபுரத்துக்கு அவ்வாறு சொல்ல முடியாது. இங்கே மணலுக்கடியில் பல்லவர் இருக்கிறார்கள்! 1990-இல் கடற்கரைக் கோயிலருகே மணலை அகற்றியபோது வராகச் சிற்பமும் சிறு கோயிலும் வெளிப்பட்டன. 2004-ஆம் ஆண்டு சுனாமிக்குப் பிறகு சாளுவன்குப்பத்தில் வெளிப்பட்ட கல்வெட்டைத் தொடர்ந்து, மிகப் பழைய முருகன் கோயில் ஒன்று அகழ்ந்தெடுக்கப்பட்டது. 1984 முதல் உலக மரபுச் சின்னமாகப் போற்றப்படும் ஊரில், இரவோடு இரவாகக் கடப்பாரை போடுவது வீரமன்று. நினைவுச் சின்னங்களின் அருகே கேட்காமல் ஒரு குழியும் தோண்டக் கூடாது. கேட்டுச் செய்தாலும் நல்லது நடக்கும் என்பதற்குச் சென்னையிலேயே சான்று உண்டு. கோட்டூர்புரத்தில் அடையாற்றங்கரையில் குப்பை கொட்டும் இடமாக இருந்த நிலத்தை, 2006-லிருந்து 'நிழல்' அமைப்பின் தொண்டர்கள் பொதுப்பணித் துறையின் இசைவோடு மரப்பூங்காவாக மாற்றியிருக்கிறார்கள்.

எங்கள் தோல்விக்கு இன்னும் இரண்டு காரணங்களைக் கண்டோம். முதலாவது, நாள். ஜூன் 5 என்பது 1972-இல் ஸ்டாக்ஹோம் நகரில் ஐ.நா. மாநாடு தொடங்கிய நாள். அது மரத்தைப் பற்றி நினைக்க நல்ல நாள். நம் கடற்கரையில் மரம் நட நல்ல நாளன்று. கேரளத்தில் அப்போது மழை. இங்கோ அக்கினி நட்சத்திரம் முடிந்து சில நாட்களே ஆகியிருக்கும். நமக்குப் பெருமழை தருவது வடகிழக்குப் பருவக்காற்று. ஆகவே ஜூனில் உறுதிமொழி எடுப்போம், ஐப்பசியில் நடுவோம். இதை எல்லாப் பள்ளிகளும் எண்ணிப் பார்க்கவேண்டும் என்பது எங்கள் கருத்து.

இரண்டாவது, எங்கள் அவசரம். பாதையைச் சுத்தம் செய்கிறோம் என்று கண்ணில் பட்டதையெல்லாம் பிடுங்கி எறிந்தோம். தும்பை போயிற்று, ஆவாரை போயிற்று, மணலை இறுகப் பிடித்துக்கொண்டிருந்த அடும்பங்கொடியும் போயிற்று. தானாக முளைத்ததெல்லாம் குப்பையா? அசிசி நகர்ப் புனித பிரான்சிஸ், மடத்துத் தோட்டத்தில் ஒரு பகுதியைக் காட்டுப்பூக்களுக்காக அப்படியே விட்டுவைக்கச் சொன்னாராம். மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட தமது சுற்றுமடலில் இதை நினைவுகூர்ந்திருக்கிறார். எங்களுக்கு இது முன்பே தெரிந்திருந்தால் அடும்புக்குத் தப்பிக்க வழி கிடைத்திருக்கும்.

இந்த ஆண்டு மறுபடியும் முயன்றோம். நினைவுச் சின்னங்களிலிருந்து வெகு தொலைவில் உள்ள பாதைதான் என்றாலும், உரிய அலுவலகத்துக்கு முறையாக விண்ணப்பம் எழுதினோம். இரண்டு மாதமாகியும் மறுமொழி வரவில்லை. ஐப்பசி பிறந்தது. "விண்ணப்பத்துக்காக மழை காத்திருக்குமா?" என்று கூறி, பள்ளிச் சுவரை ஒட்டிய நம் சொந்த நிலத்தில், பாதைக்கு நிழல் விழும்படி நடச் சொன்னார் சிஸ்டர். இம்முறை நாற்பது அல்ல, பன்னிரண்டே கன்றுகள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு பேர் பொறுப்பு. சீமைக்கருவேல முள்ளையே வெட்டி வேலி கட்டினோம். பூவரசும் புங்கமும் வேம்பும், கடலோரத்துக்கே உரிய புன்னையும் நட்டிருக்கிறோம்.

புன்னையைத் தேர்ந்தெடுக்க இன்னொரு காரணமும் உண்டு. நற்றிணையில் 172-ஆம் பாட்டில் வரும் பெண்கள், விளையாட்டாக மணலில் புதைத்து மறந்த விதை முளைத்துப் புன்னையாகிறது. அதை அவர்கள் பாலூற்றி வளர்க்க, தாயோ அதைத் தன் பெண்களுக்கு உடன்பிறந்தவளாகவே சொல்கிறாள். வேறொரு நாட்டுப் பெயரைத் தேடிப் போனோமே, இந்த வேலையை நெய்தல் நிலத்துப் பெண்கள் எப்போதோ செய்துவிட்டார்கள்!

இதை எழுதும்போது பன்னிரண்டும் உயிரோடு இருக்கின்றன. ஆனால் எங்களுக்குக் கவலை தீரவில்லை. இன்னும் சில வாரங்களில் எங்களுக்கு அரசுப் பொதுத்தேர்வு. பிறகு கோடை விடுமுறை. சித்திரை வெயிலில் பள்ளி பூட்டிக் கிடக்கும்போது இவற்றுக்குத் தண்ணீர் ஊற்றுவது யார்? ஆயா ஒருவரால் பன்னிரண்டுக்கும் குடம் சுமக்க முடியுமா? அது நியாயமும் ஆகாது.

ஆகவே ஒன்பதாம் வகுப்புத் தங்கைகளே, ஒரு கன்றுக்கு இருவராக உங்கள் பெயர்களைத் தாருங்கள். அன்புள்ள பெற்றோரே, விடுமுறையில் வாரம் இருமுறை காலையில் அரைமணி நேரம் உங்கள் மகளை அனுப்பி வையுங்கள். மதிப்பிற்குரிய சகோதரிகளே, பின்வாசல் சாவியையும் கிணற்றடி வாளியையும் மட்டும் எங்களை நம்பித் தாருங்கள். ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது ஆயா எங்களிடம் மீண்டும் அந்தக் கேள்வியைக் கேட்கக் கூடாது என்பதே எங்கள் ஆசை. அதற்கு நாம் அனைவரும் தோள் கொடுப்போமாக!