மருந்தில்லாத இரவுக்கு அன்பு பதிலாகாது

இறுதிக்கால நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் இல்லங்களின் தரத்தை அளவிட நினைப்பதே அநாகரிகம் என்று வாதிடும் கட்டுரை ஒன்று சென்ற இதழில் வெளியாகியிருந்தது. ஹாஸ்பிஸ் என்பது சேவை, சேவைக்கு மதிப்பெண் போடக் கூடாது என்கிறார் கட்டுரையாளர். வருகிறவர்கள் எல்லோரும் இறக்கத்தான் போகிறார்கள் என்னும்போது எதை வைத்து ஓர் இல்லத்தை நல்லது என்றும் இன்னொன்றை மோசம் என்றும் சொல்வது என்று கேட்கிறார். குடும்பங்கள் எழுதும் நன்றிக் கடிதங்களே போதுமான சான்று என்கிறார். தருமத்துக்கு நடக்கும் இடங்களைக் கேள்வி கேட்டால் நன்கொடை நின்றுபோகும் என்று எச்சரிக்கிறார். இவை எல்லாவற்றுக்கும் மேலாக, மார்பின் போன்ற போதை மருந்துகளைத் தொடாமலேயே அமைதியான மரணத்தைத் தருகிறோம் என்று சில இல்லங்கள் சொல்லிக்கொள்வதைப் பெருமையாக எடுத்துக்காட்டுகிறார்.

இதில் ஒரு வாதமும் தேறாது. கடைசி வாதமோ ஆபத்தானது. அதைப் படித்துவிட்டு யாரேனும் தன் தாய்க்கு மார்பின் வேண்டாம் என்று சொல்லிவிட்டால், அந்தத் தாய் படும் வேதனையில் கட்டுரையாளருக்கும் பங்கு உண்டு.

முதலில் அளவிடும் விஷயம். அன்பை அளக்கும்படி யாரும் கேட்கவில்லை. வலியை அளக்கச் சொல்கிறோம். மூச்சுத்திணறலை, குமட்டலை, தூக்கமின்மையை, மலச்சிக்கலை, படுக்கைப் புண்ணை அளக்கச் சொல்கிறோம். கனடாவின் எட்மன்டன் நகரில் 1991-இல் உருவான அறிகுறி அட்டவணை இன்று உலகம் முழுக்கப் பழக்கத்தில் இருக்கிறது. வலி, அசதி, பதற்றம், மூச்சுத்திணறல் என ஒவ்வொன்றுக்கும் பூஜ்யத்திலிருந்து பத்துவரை நோயாளியே எண் சொல்கிறார். “ஒண்ணுமே இல்லைன்னா பூஜ்யம், தாங்கவே முடியலைன்னா பத்து, இப்ப எவ்வளவு இருக்குங்கய்யா?” என்று கேட்க ஒரு நிமிடம் போதும். பேச்சு நின்றுபோனவர்களின் முகச்சுளிப்பையும் முனகலையும் பார்த்துக் குறிப்பதற்கும் முறைகள் உண்டு. இந்த ஒரு நிமிடத்தைச் செலவிடாத இடத்தில் எந்த அன்பைத் தேடுவது?

நவீன ஹாஸ்பிஸ் இயக்கத்தைத் தொடங்கிவைத்தவரே அளந்தவர்தான். சிசிலி சாண்டர்ஸ் நர்ஸாக இருந்து, சமூகப் பணியாளராகி, பிறகு மருத்துவம் படித்தவர். லண்டனில் 1967-இல் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸைத் திறப்பதற்கு முன்னால், ஹாக்னியில் இருந்த செயின்ட் ஜோசப்ஸ் ஹாஸ்பிஸில் பல ஆண்டுகள் பணியாற்றினார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளைப் பற்றி அங்கே குறிப்பெடுத்தார். வலி வந்தபிறகு கெஞ்சிக் கேட்டு ஊசி போட்டுக்கொள்ளும் நிலையை ஒழிக்கலாம், நேரம் தவறாமல் மார்பினை வாய்வழி கொடுத்தால் வலியைத் தலைதூக்கவிடாமல் வைத்திருக்கலாம் என்று அந்தக் குறிப்புகளின் பலத்தில்தான் மருத்துவ உலகத்தோடு வாதாடினார். உடல்வலி, மனவேதனை, குடும்பக் கவலை, ஆன்மத் தவிப்பு எல்லாம் சேர்ந்ததே ஒரு மனிதரின் முழு வலி என்று சொன்னவரும் அவர்தான். அப்படிப்பட்டவருக்கு நோட்டுப் புத்தகம் அன்புக்கு எதிரியாகத் தெரியவில்லை.

எல்லோரும் இறக்கத்தான் போகிறார்கள், ஆகவே தரம் என்று ஒன்று கிடையாது என்பது அடுத்த வாதம். இது நோயாளியைப் பிணமாகவே கணக்கில் எழுதிவிடும் பார்வை. இறப்பதற்கு முன் அவருக்கு வாரங்கள் இருக்கின்றன, சிலருக்கு மாதங்கள். அந்த நாட்கள் எப்படிக் கழிகின்றன என்பதுதான் விளைவு. பாஸ்டன் நகர மருத்துவமனை ஒன்றில் முற்றிய நுரையீரல் புற்றுநோய் உள்ள 151 பேரிடம் நடந்த ஆய்வு 2010-இல் வெளிவந்தது. வழக்கமான சிகிச்சையோடு, வலியையும் வேதனையையும் தணிக்கும் நோய் ஆதரவு சிகிச்சையையும் தொடக்கத்திலிருந்தே பெற்றவர்கள் மனச்சோர்வு குறைந்து, நிம்மதியாக வாழ்ந்தார்கள். கடைசிக் கட்டத்தில் தீவிரமான சிகிச்சைகள் அவர்களுக்குக் குறைவு. அப்படியும் மற்றவர்களைவிட ஏறத்தாழ இரண்டரை மாதம் கூடுதலாக உயிரோடு இருந்தார்கள். ஆஸ்திரேலியாவில் இத்தகைய சேவைகள் தங்கள் நோயாளிகளின் நிலையைப் பொது அளவுகோலில் பதிந்து ஒன்றோடொன்று ஒப்பிட்டுக்கொள்கின்றன. திடீரென்று நிலை மோசமாகும் நோயாளிகளில் பத்தில் ஒன்பது பேரையாவது மூன்று நாட்களுக்குள் கட்டுக்குள் கொண்டுவர வேண்டும் என்பது அங்கே ஓர் இலக்கு. சாவு நிச்சயம் என்று தெரிந்த நோயாளிகளுக்காகத்தான் இத்தனையும்.

நன்றிக் கடிதங்களுக்கு வருகிறேன். நோய் ஆதரவு சிகிச்சைக் குழு ஒன்றோடு தன்னார்வலராகப் போய்வருபவன் நான். ஓர் இல்லத்தில் பார்த்ததைச் சொல்கிறேன். பளிங்குத் தரை, சுத்தமான வெள்ளை விரிப்பு, வாசலில் நன்கொடையாளர் பெயர்ப் பலகை. கீழ்த்தாடையில் புற்று முற்றிய பெரியவர் ஒருவர் துண்டைச் சுருட்டி வாயில் கடித்தபடி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். கட்டிலில் தொங்கிய கேஸ் ஷீட்டை எடுத்துப் பார்த்தேன். வலி என்ற கட்டத்தில் காலை ஆறு மணிக்குப் பூஜ்யம், பத்து மணிக்குப் பூஜ்யம், பிற்பகல் இரண்டுக்கும் மாலை ஆறுக்கும் பூஜ்யம்; எல்லாம் ஒரே பேனா, ஒரே கை. அப்போது மணி பதினொன்றுகூட ஆகவில்லை. எழுதியிருந்த மருந்து பாரசிட்டமால். ராத்திரி வலி தாங்காமல் அப்பா கட்டிலை ஓங்கி அடித்தபோது, “டாக்டர் காலைலதாம்மா வருவாரு” என்று பதில் கிடைத்ததாக மகள் சொன்னார்.

அவர் இறந்த பிறகு அதே மகள் அந்த இல்லத்தின் பதிவேட்டில் மனமுருகி நன்றி எழுதிவைத்தார். ஏன் என்று கேட்டேன். “வேற எங்கயும் சேத்துக்கலையே சார், இவங்கதானே இடம் குடுத்தாங்க” என்றார். பெரிய ஆஸ்பத்திரி ‘வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருங்க’ என்று கைவிட்ட பிறகு, கதவு திறந்த எந்த இடமும் குடும்பத்துக்குக் கோயில்தான். அந்த நன்றி இடம் கிடைத்ததற்கு. வலி தீர்ந்ததற்கு அது சாட்சி சொல்லாது. இதை விடவும் நல்ல மரணம் தன் அப்பாவுக்குக் கிடைத்திருக்கும் என்பதே அந்த மகளுக்குத் தெரியாது. தெரியவிடாமல் வைத்திருப்பது கட்டுரையாளர் போற்றும் இந்த நன்றிக் கலாச்சாரம்.

குடும்பத்தின் சாட்சி முக்கியம்தான். அதை வாங்கும் விதத்தில் வாங்க வேண்டும். அமெரிக்காவில் நோயாளி இறந்து சில மாதங்கள் கழித்து, பராமரித்த உறவினருக்கு ஒரு கேள்வித்தாள் போகிறது. வலிக்குத் தேவையான உதவி கிடைத்ததா, இரவிலும் விடுமுறையிலும் கூப்பிட்டபோது வந்தார்களா, மருந்தின் பக்கவிளைவுகளைச் சொல்லிக்கொடுத்தார்களா, மரியாதையாக நடத்தினார்களா என்று குறிப்பாகக் கேட்கிறார்கள். பதில்களைத் தொகுத்து நிறுவனவாரியாக அரசே வெளியிடுகிறது. இதில் எந்தக் கேள்வி சேவையை அவமதிக்கிறது என்று கட்டுரையாளர் சொல்லட்டும்.

இனி மார்பின். கட்டுரையின் மன்னிக்க முடியாத பகுதி இதுதான். மார்பின் சாவைத் துரிதப்படுத்தும், அதைத் தவிர்ப்பது புனிதம் என்ற எண்ணத்தை அவர் வாசகரிடம் விதைக்கிறார். உலக சுகாதார நிறுவனம் 1986-இலேயே புற்றுநோய் வலிக்கு வாய்வழியாக, கடிகாரப்படி, படிப்படியாக மருந்து கொடுக்கும் முறையை வகுத்துவிட்டது. கடும் வலிக்கு அதன் மேல்படியில் இருப்பது மார்பின். சாதாரண மார்பின் மாத்திரையின் பலன் ஏறக்குறைய நான்கு மணி நேரம். அதனால் நான்கு மணிக்கொரு தரம் கொடுக்கிறார்கள். இரவு தூக்கம் கலையாதிருக்கப் படுக்கும்முன் இரட்டை அளவு கொடுப்பதும், நடுவில் வலி வெட்டினால் கொடுக்கக் கூடுதல் மாத்திரை எழுதிவைப்பதும் வழக்கம். குறைந்த அளவில் தொடங்கி, வலிக்கேற்ப ஏற்றினால் மூச்சு அடங்கிப்போகும் அபாயம் மிகவும் அரிது. முறையாகக் கொடுத்த மார்பின் ஆயுளைக் குறைப்பதாக ஆய்வுகள் காட்டவில்லை. நிச்சயமாக வருவது மலச்சிக்கல். ஆகவே மார்பின் எழுதும்போதே மலமிளக்கியும் எழுத வேண்டும். பயிற்சி பெற்ற எந்த நர்ஸும் சொல்லும் பாடம் இது.

இந்த மூடநம்பிக்கைக்கு இந்தியா ஏற்கனவே பெரிய விலை கொடுத்திருக்கிறது. 1985-இன் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் கடத்தல்காரரைப் பிடிக்க வந்தது. அதன் கெடுபிடிக்குப் பயந்து மருந்துக் கடைகளும் மருத்துவமனைகளும் மார்பினைக் கைவிட்டன. மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசத்தில் அரசு உரிமத்தோடு அபின் விளைகிறது. உலகத்தின் வலிமருந்துக்கு மூலப்பொருள் கொடுத்த அதே நாட்டில் புற்றுநோயாளிகள் அலறிச் செத்தார்கள். 2017-இல் வெளிவந்த லான்செட் மருத்துவ இதழின் ஆணைய அறிக்கைக் கணக்கில், இந்தியாவுக்குத் தேவையான வலிமருந்தில் கிடைத்தது நான்கு சதவீதம்தான். நோய் ஆதரவு சிகிச்சை மருத்துவர் எம்.ஆர். ராஜகோபால் போன்றவர்கள் பல ஆண்டுகள் போராடிய பிறகே 2014-இல் சட்டம் திருத்தப்பட்டது. மார்பின் உள்ளிட்ட ஆறு மருந்துகள் அத்தியாவசியமானவை என்று வரையறுக்கப்பட்டன. பல துறைகளில் உரிமத்துக்கு அலைந்த நிலை போய், பயிற்சி பெற்ற மருத்துவர் உள்ள நிறுவனம் மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையிடம் அங்கீகாரம் பெற்றால் போதும் என்றானது. இதற்குப் பிறகும் ஓர் இல்லம் மார்பின் வைத்திருக்கவில்லை என்றால் அது விண்ணப்பிக்கவில்லை என்று பொருள். அந்தக் குறையைப் பெருமையாக்கி எழுதுவது, வலியில் துடிப்பவர்களுக்குச் செய்யும் துரோகம்.

தருமத்தைக் கேள்வி கேட்கலாமா என்ற வாதத்துக்கு, கேள்வி கேட்காமல் விட்டால் என்ன ஆகும் என்று காட்டும் ஒரு பதில் இங்கிலாந்தில் உண்டு. காஸ்போர்ட் வார் மெமோரியல் மருத்துவமனையில் 1989 முதல் 2000 வரை 450-க்கும் மேற்பட்ட முதியவர்களின் ஆயுள், மருத்துவத் தேவையே இல்லாமல் கொடுக்கப்பட்ட வலிமருந்துகளால் குறுகியது என்று 2018-இல் சுயேச்சைக் குழு அறிக்கை சொன்னது. அங்கிருந்த நர்ஸுகள் 1991-லேயே எச்சரித்தார்கள். யாரும் காது கொடுக்கவில்லை. மார்பின் கெட்டது என்பதற்கு இது ஆதாரம் என்று கட்டுரையாளர் கிளம்பக்கூடும். தேவைப்பட்டவருக்கு மருந்து கொடுக்காத குற்றமும் தேவைப்படாதவருக்குக் கொடுத்த குற்றமும் ஒரே பதிவேட்டில்தான் பிடிபடும். அந்தப் பதிவேட்டைத் திறக்காதே என்பவர் இரண்டுக்கும் வழிவிடுகிறார். ஓட்டலில் சாப்பாடு கெட்டுப்போனால் மறுநாள் வந்து சண்டை போடலாம். ஹாஸ்பிஸில் அவதிப்பட்டவர் புகார் கொடுக்க மறுநாள் இருக்கமாட்டார். வேறெந்த மருத்துவ இடத்தையும்விட இங்கே வெளிக்கண் தேவைப்படுவது இதனால்தான்.

அளவிடுவதைப் பற்றி நியாயமான அச்சம் ஒன்று உண்டு. படிவம் நிரப்புவதே பராமரிப்பாக மாறிவிடலாம். இங்கிலாந்தில் லிவர்பூல் வழிமுறை என்ற இறுதிக்கால நடைமுறைக்கு அதுதான் நேர்ந்தது. நல்ல நோக்கத்தோடு எழுதப்பட்டது, பல இடங்களில் டிக் அடிக்கும் பட்டியலாகச் சுருங்கியது. குடும்பங்கள் கொதித்தெழுந்தன. ஜூலியா நியூபெர்கர் தலைமையிலான ஆய்வுக்குழு 2013-இல் அதைக் கைவிடச் சொன்னது. கோளாறு வெளிப்பட்டது எப்படி? குடும்பங்கள் கேள்வி கேட்டதால், ஒரு குழு தணிக்கை செய்ததால். நான் பார்த்த கேஸ் ஷீட்டின் பொய்ப் பூஜ்யங்களும் யாரோ ஒருவர் நோயாளியின் முகத்தையும் தாளையும் சேர்த்துப் பார்த்தபோதுதான் பொய் என்று தெரிந்தன. கள்ளப் பதிவுக்கு மருந்து நேர்மையான தணிக்கை.

ஆகவே உறவினரைச் சேர்க்கப் போகிறவர்கள் கூச்சப்படாமல் கேளுங்கள். மார்பின் வைத்திருக்க அங்கீகாரம் இருக்கிறதா, மாத்திரை இன்று கையிருப்பில் உண்டா? இரவு இரண்டு மணிக்கு வலி வந்தால் எழுந்து வந்து மருந்து கொடுப்பவர் யார், அதற்கான மருத்துவரின் உத்தரவு முன்கூட்டியே எழுதப்பட்டிருக்கிறதா? நைட் டியூட்டியில் நர்ஸ் உண்டா, ஆயா மட்டுமா? தானே புரளமுடியாதவரை எத்தனை மணிக்கொரு தரம் புரட்டிப் படுக்கவைக்கிறார்கள்? இங்கே வந்த பிறகு படுக்கைப் புண் வந்தவர்கள் எத்தனை பேர்? கடைசியாக மலம் கழித்த நாள் கேஸ் ஷீட்டில் இருக்கிறதா? பேரப்பிள்ளைகள் வந்து பார்க்கலாமா? நோயாளியின் நம்பிக்கைக்கு மாறான பிரார்த்தனையில் உட்காரவைப்பார்களா? கடைசி மூச்சு வீட்டில்தான் என்று அவர் விரும்பினால் வீட்டுக்கு நர்ஸ் வருவாரா? இறந்த பிறகு குடும்பத்தைக் கூப்பிட்டு நலம் விசாரிக்கிறார்களா? நல்ல இல்லங்கள் இந்தக் கேள்விகளை வரவேற்கும். முகம் சுளிக்கும் இடத்தைவிட்டு வெளியே வந்துவிடுங்கள்.

அரசுக்கும் இது பொருந்தும். கேரளம் 2008-இல் இதற்கெனக் கொள்கை வகுத்து, உள்ளாட்சிகளையும் தன்னார்வலர்களையும் இணைத்தது. தமிழ்நாட்டில் 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் நோய் ஆதரவு சிகிச்சையை வீட்டுவாசலுக்குக் கொண்டுவந்தது. எத்தனை வீடுகளுக்குப் போனோம் என்ற கணக்கோடு, போன வீட்டில் வலி எவ்வளவு குறைந்தது என்ற கணக்கும் வெளிவர வேண்டும். தனியார் இல்லங்களும் அறக்கட்டளைகளும் அதே அளவுகோலுக்கு உட்பட வேண்டும். நன்கொடையாளர்கள் பெயர்ப் பலகைக்குப் பதிலாக இந்தக் கணக்கைக் கேட்டால் ஒரே ஆண்டில் நிலைமை மாறும்.

கட்டுரையாளர் மற்ற வாதங்களை வைத்துக்கொள்ளட்டும், அவற்றோடு தொடர்ந்து சண்டையிடத் தயார். மார்பினைத் தொடாததைப் பெருமையாக்கிய அந்தப் பத்தியை மட்டும் அடுத்த இதழிலேயே அவர் திரும்பப் பெற வேண்டும். அதை நம்பி இன்றிரவு எந்த நோயாளியும் வலியோடு கிடக்கக் கூடாது.