விற்காத ஓட்டை

போன வாரம் டீக்கடையில் நண்பனோடு சண்டை. டான் கமின்ஸ்கியின் கதையை முழுசாகக் கேட்டுவிட்டு அவன் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "அதை வித்திருந்தா அன்னைக்கே செட்டில் ஆயிருக்கலாம்ல? பொழைக்கத் தெரியாத ஆளுடா." அவனுக்கு அங்கே சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன்.

2008 தொடக்கத்தில் கமின்ஸ்கி கண்டுபிடித்த ஓட்டை ஏதோ ஒரு கம்பெனியின் ஓட்டை இல்லை. இணையத்தின் முகவரிப் புத்தகமான டிஎன்எஸ்ஸின் ஓட்டை. நீங்கள் வங்கியின் பெயரை டைப் செய்கிறீர்கள். உங்கள் இணைய நிறுவனத்தின் சர்வர் இன்னொரு சர்வரிடம் அதற்கான எண்ணைக் கேட்கிறது. வரும் பதில் உண்மையா என்று பார்க்க இருந்த முக்கியக் காவல், கேள்வியோடு போகும் ஓர் அடையாள எண். மொத்தம் 65,536 சாத்தியங்கள். திருடன் அதை ஊகித்து, உண்மையான பதில் வருவதற்குள் போலியை நுழைக்க வேண்டும். ஒருமுறை தோற்றால் அந்தப் பெயருக்கு நெடுநேரம் காத்திருக்க வேண்டும் என்பதால் எல்லோரும் நிம்மதியாக இருந்தார்கள்.

கமின்ஸ்கி பார்த்தது இதுதான்: காத்திருக்கவே வேண்டாம். வங்கியின் பெயருக்கு முன்னால் இல்லாத பெயர்களை ஒட்டி, ஒன்று மாற்றி ஒன்று கேட்டுக்கொண்டே இருக்கலாம். ஒவ்வொன்றும் புதுப் பந்தயம். ஒன்றில் ஜெயித்தால் போதும், "இந்த வங்கி பற்றி இனி எல்லாம் என்னிடமே கேள்" என்று பதிலோடு சேர்த்துச் சொருகிவிடலாம். சில நொடி வேலை. பயனர் சரியான முகவரியைத்தான் அடிப்பார். போய்ச் சேரும் இடம் திருடன் வீடு.

விற்கலாம்தான். வாங்க ஆள் இருந்திருக்கும். அவர் டிஎன்எஸ் உலகத்தின் மூத்தவரான பால் விக்ஸிக்குப் போன் போட்டார். விஷயத்தைக் கேட்டதும் விக்ஸி சொன்ன முதல் பேச்சு, இதை இனி செல்போனில் பேசாதே என்பதுதானாம். மார்ச் 31 அன்று மைக்ரோசாஃப்ட்டின் ரெட்மண்ட் வளாகத்தில் 16 பேர் கூடினார்கள். சந்தையில் ஒருவரையொருவர் கடித்துக் குதறும் கம்பெனிகள் மாதக்கணக்கில் வாயை மூடிக்கொண்டு வேலை செய்து, ஜூலை 8 அன்று ஒன்றாகத் திருத்தத்தை வெளியிட்டன. எனக்கு அந்த ஓட்டையைவிட இதுதான் பெரிய அதிசயம்.

அவரைக் கோயில் கட்டிக் கும்பிடச் சொல்லவில்லை. திருத்தத்தின் சாரம், கேள்வி கிளம்பும் போர்ட் எண்ணையும் ஒவ்வொரு முறையும் மாற்றுவது. டேனியல் பெர்ன்ஸ்டைன் தன் மென்பொருளில் அதைப் பல வருடங்களுக்கு முன்பே செய்திருந்தார். கமின்ஸ்கியே ஒப்புக்கொண்ட விஷயம். விவரத்தை ஒரு மாதம் யாரும் வெளியே பேசாதீர்கள் என்று அவர் கேட்டபோது, விளம்பரம் தேடுகிறார் என்று சக ஆய்வாளர்களே திட்டினார்கள். பதின்மூன்றாம் நாளே ரகசியம் கசிந்தது. அடுத்த வருடம் இவருடைய சர்வரையே உடைத்து, கடவுச்சொற்களையும் சொந்த மின்னஞ்சல்களையும் ஊருக்குக் காட்டினார்கள். கடவுச்சொற்கள் ரொம்ப சுமார் ரகம் (நம்முடையது மாதிரிதான்).

2012-இல் ஒயிட் ஆப்ஸ் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். விளம்பரத்தைப் பார்ப்பது மனிதனா, ரோபோ நிரலா என்று கண்டுபிடிக்கிற தொழில். 'தொழில்முனைவோர்' என்று அறிமுகப்படுத்துபவர்கள் இங்கேதான் தொடங்குவார்கள். எனக்கு அது அவர் வாழ்க்கையில் ஒரு பத்தி, அவ்வளவுதான். நிறம் பிரித்தறிய முடியாதவர்களுக்காக ஒரு போன் செயலி எழுதியதை நான் அதற்கு மேலே வைப்பேன். 2021 ஏப்ரலில், 42 வயதில், சர்க்கரை நோயின் சிக்கலால் இறந்தார். தடுப்பூசிதான் கொன்றது என்று உடனே கிளம்பிய வதந்தியைக் குடும்பத்தார்தான் மறுக்க வேண்டியிருந்தது.

இப்போது நண்பனுக்கு. கல்லூரியில் எங்கள் தேர்வு முடிவுப் பக்கத்தில், மேலே முகவரியில் பதிவு எண்ணை மாற்றினால் அடுத்தவன் மார்க், பிறந்த தேதி, அப்பாவின் போன் நம்பர் எல்லாம் வரும். பதறிப்போய் மெயில் அனுப்பினேன். மூன்றாம் நாள் கூப்பிட்டார்கள். "யாரைக் கேட்டு உள்ள போன?" அப்பாவை வரவழைத்து, அவர் முன்னால் மன்னிப்புக் கடிதம் வாங்கினார்கள். பஸ்ஸில் வரும்போது அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை.

ஓட்டையைப் பார்த்தவன் திருடன்தான் என்று அந்த அறையில் எல்லோரும் முடிவு செய்திருந்தார்கள். நீயும் அதையேதான் நினைக்கிறாய், மச்சான். அவர்கள் ஏன் திருடினாய் என்று கேட்டார்கள். நீ ஏன் திருடவில்லை என்று கேட்கிறாய். கமின்ஸ்கி போன் போட்டபோது எதிர்முனையில் கேட்க ஒரு விக்ஸி இருந்தார். நமக்கு அந்த எதிர்முனை இல்லை. கண்டுபிடிக்கிற பையன்கள் இங்கே எத்தனையோ பேர் இருக்கிறார்கள்.

அடுத்த வருடம் ஜூனியர் ஒருவன் அதே பக்கத்தில் அதே ஓட்டையைப் பார்த்துவிட்டு, அண்ணா, யாரிடம் சொல்வது என்று என்னிடம் வந்தான். யாரிடமும் சொல்லாதே என்று சொல்லி அனுப்பியது நான்தான்.