கடல் பார்க்க துருக்கிக்கா?

குடும்பத்தோடு முதல் கடற்கரை விடுமுறை என்றால் துருக்கி, அன்டாலியா என்று எங்கள் ரமணாசிரமம் பகுதியிலும் பேச்சு அடிபடுகிறது. கையில் ஒரு பட்டை, மூன்று வேளை பஃபே, நீச்சல் குளத்து ஓரம் படுக்கை. இதற்கு விசா, விமானம், லட்சங்கள்!

"அங்கே நீலக்கொடி கடற்கரை சார், லைஃப்கார்டு எல்லாம் உண்டு" என்கிறார்கள். உண்மைதான். அதே நீலக்கொடி 2021-ல் புதுச்சேரி சின்ன வீராம்பட்டினத்து ஈடன் கடற்கரைக்கும், சென்னையை அடுத்த கோவளத்துக்கும் கிடைத்ததே! காலையில் கிளம்பினால் மதியத்துக்குள் ஈடன் போய்விடலாம்.

எனக்குத் துருக்கி மேல் கோபமில்லை. மலையடிவாரத்தில் வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு வங்கக்கடலின் குணம் தெரியவில்லையே என்பதுதான் ஆதங்கம். மத்தியதரைக் கடலில் ஏற்றவற்றம் சொற்பம். நம் கடலில் அலையும் இழுப்பும் வலிது. அன்டாலியா படத்தைப் பார்த்த துணிச்சலில் இங்கே கண்ட இடத்தில் இறங்கினால் உயிர் போகும்.

ஆகவே, காவலர் நிற்கும் இடத்தில் மட்டும் இறங்குங்கள். பேரப்பிள்ளைகள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். முழங்காலுக்கு மேல் தண்ணீர் வேண்டாம். இழுப்பில் சிக்கினால் கரையை நோக்கிப் போராடாமல், மிதந்தபடி கை உயர்த்திக் கூப்பிடச் சொல்லிக்கொடுங்கள்.

இந்தப் பாடம் முடியட்டும். அப்புறம் துருக்கிக்குத் தாராளமாகப் போய் வாருங்கள்.