தராசில் ஏறிவிட்டுப் படகு வாங்குங்கள்

தனியாக ஓட்ட ஒரு சின்னக் கேட்டமரான் வாங்க வேண்டும், எது நல்லது என்று கேட்கிறவர்கள் எல்லாரும் வேகத்தில்தான் பேச்சை ஆரம்பிக்கிறார்கள். நான் எடையில் ஆரம்பிப்பேன். படகின் எடை அப்புறம். முதலில் உங்கள் எடை. நான் 58 கிலோ, வயது அறுபதைத் தாண்டிவிட்டது. சிங்கப்பூரின் சாங்கிக் கடற்கரையில் வாரநாள் காலைகளில் பாய் விரிக்கிறேன். பிள்ளைகளுக்கு வேலை, வீட்டுக்காரருக்குப் படகைப் பார்த்தாலே குமட்டல். ஆகவே துணைக்கு ஆள் கிடையாது. அப்படி இருப்பவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி ஒன்றுதான்: இது கவிழ்ந்தால் நான் ஒருத்தியாக நிமிர்த்திவிடுவேனா?

நம் கடற்கரைக் கட்டுமரம் கவிழ்ந்தாலும் மரம்தான், மறுபடி ஏறிக்கொள்ளலாம். நான் சொல்கிற படகு வேறு. இரண்டு ஒல்லியான தோணிகள், அவற்றைச் சேர்க்கும் அலுமினியக் குழாய்கள், நடுவில் உட்கார ஒரு வலை, உயரமான பாய்மரம். அகலம் அதிகம் என்பதால் லேசில் சாயாது. ஆனால் சாய்ந்துவிட்டால் அதே அகலம் எதிரியாகிவிடும். பெரிய பாய்க்கப்பலுக்கு அடியில் ஈயக் கனம் இருக்கிறது, சாய்ந்தாலும் அது இழுத்து நிறுத்தும். இதற்கு அப்படி எதுவும் இல்லை. தலைகீழாகவும் அது நிம்மதியாக மிதக்கும். நிமிர்த்துகிற கனம் உங்கள் உடம்பு மட்டும்தான்.

நிமிர்த்துவது எப்படி என்று பாருங்கள். முதலில் பாய்க்கயிற்றைப் பிடியிலிருந்து விடுவிக்க வேண்டும். இல்லாவிட்டால் எழுந்த கணமே படகு ஓடிவிடும். அடுத்து மூக்கைக் காற்றுப் பக்கம் திருப்ப வேண்டும். பிறகு தண்ணீரில் கிடக்கிற தோணிமேல் ஏறி நின்று, மேலே நிற்கும் தோணியைத் தாண்டிப் போட்ட கயிற்றைப் பிடித்து, முதுகு தண்ணீரைத் தொடுமளவு பின்னால் சாய வேண்டும். ஒன்றும் நடக்காததுபோல் சிறிது நேரம் போகும். பாய்க்குமேல் நின்ற தண்ணீர் வழியும். மரத்தின் நுனி ஒரு சாண் எழும்பும். பாய்க்கு அடியில் காற்று நுழைந்ததும் மிச்ச வேலையை அதுவே பார்த்துக்கொள்ளும். மேல்தோணி உங்கள் தலைக்கு நேராக விழும். அதற்குள் முன்குழாயைப் பிடித்துத் தொங்கிவிட வேண்டும். ஆளில்லாத படகு நீந்துகிறவரைவிட வேகமாகப் போகும். அது கைநழுவினால் அன்றைய பொழுதுபோக்கு உயிர்ப்போராட்டமாகிவிடும்.

இப்போது படகுக் கணக்குக்கு வருவோம். கடற்கரைகளில் அதிகம் தென்படுவது ஹோபி 16. கலிஃபோர்னியாவில் அலைச்சறுக்குப் பலகை செய்துவந்த ஹோபி ஆல்ட்டர் உருவாக்கியது. உலகம் முழுக்க 1 லட்சத்துக்கும் மேல் விற்றிருக்கிறது. அழகான படகு, பறக்கும். ஆனால் எடை 145 கிலோ, இரண்டு பாய்களும் சேர்ந்து 218 சதுர அடி, மரம் 26 அடிக்கும் மேல். போட்டிகளில் அதை ஓட்டும் இருவரின் மொத்த எடை குறைந்தது 129 கிலோ இருக்க வேண்டும் என்பது விதி. அந்த விதியே நமக்குப் பதில். என்னைப்போல் இரண்டு பேருக்கும் சற்றுக் கூடுதலான கனத்தைக் கணக்கில் வைத்துச் செய்த படகில் நான் ஒருத்தி ஏறி என்ன செய்ய?

தனியாளுக்கென்றே வந்தது அதன் மூத்தது, ஹோபி 14. சுமார் 110 கிலோ, ஒரே பாய், 118 சதுர அடி. குறை உண்டு. முன்பாய் இல்லாததால், காற்றுக்கு எதிரே திரும்பும்போது நடுவில் நின்றுவிடும். பாயைக் கையால் எதிர்ப்பக்கம் தள்ளி, சுக்கானையும் மாற்றிப் பிடித்துப் பின்னோக்கிப் போய்த்தான் மீள வேண்டும். பழகினால் வரும். 1994-இல் வந்த ஹோபி வேவ் இன்னும் சாது. 13 அடி நீளம், 111 கிலோ, 95 சதுர அடிப் பாய். தோணிகள் வார்ப்புப் பிளாஸ்டிக். கல்லில் உரசினாலும் கவலையில்லை. மூக்கு பருமனானது, பின்காற்றில் தண்ணீரில் குத்திக் குப்புற விழுவது குறைவு.

என் ஓட்டு வேவுக்குத்தான். அதையும் காற்றில்லாத நாளில் வெறும் 58 கிலோவால் நிமிர்த்துவேன் என்று மார்தட்ட மாட்டேன். அதனால் நிமிர்த்தும் கயிற்றோடு ஒரு நீர்ப்பை வைத்திருக்கிறேன். கடல் நீரை மொண்டு தோளுக்குப் பின்னால் தொங்கவிட்டால் அதுவும் ஓர் ஆளாகச் சேர்ந்து இழுக்கும். மரத்தின் உச்சியில் ஒரு மிதவைப் பந்தும் உண்டு. பார்க்க அழகில்லை, கிளப்பில் சிரிப்பார்கள். ஆனால் படகு முழுதாகத் தலைகீழாகாமல் காப்பது அதுதான். சாங்கியில் நீர் வற்றும் நேரத்தில் மரம் சேற்றில் குத்தி நின்றுவிட்டால் எத்தனை கிலோ இருந்தும் பயனில்லை.

நீர்ப்பை இருந்தால் 16-ஐயே வாங்கலாமே என்பார்கள் இளைஞர்கள். அமைதியான கடலில், முதல் தடவை, நிமிர்த்தலாம்தான். கவிழ்வதோ பெரும்பாலும் பலத்த காற்றில். ஒரு தடவையோடு நிற்கவும் நிற்காது. இரண்டாம் முறை கை நடுங்கும். இங்கே சுமத்ரா புயற்காற்று வேறு இருக்கிறது. மேற்கே கறுத்து வந்தால், மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வீச்சோடு நம்மை எட்ட அதிக நேரம் ஆகாது. இரண்டு பாய், இரண்டு கயிறு, ஒரு சுக்கான், இரண்டே கை. இதில் எதை முதலில் கவனிப்பது? தண்ணீரில் இறங்குமுன்பே இன்னொரு சோதனை: 26 அடி மரத்தைக் கரையில் தனியாகத் தூக்கி நிறுத்திப் பாருங்கள். துணைக்கு ஆள் தேடுவீர்கள் என்றால் அந்தப் படகு தனியாளுக்குரியதல்ல.

பழைய படகு வாங்குகிறவர்கள் பெயின்டைப் பார்த்து மயங்க வேண்டாம். ஃபைபர் தோணி என்றால் மேற்தளத்தைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே போங்கள். எங்காவது பிஸ்கட் டப்பா மூடிபோல் அமுங்கினால் உள்ளே படலம் விட்டுப்போயிருக்கிறது, கும்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள். மரத்தைத் தாங்கும் கம்பிகளில் ஓர் இழை அறுந்திருந்தாலும் கம்பியை மாற்றுங்கள். வலையின் தையலை நகத்தால் கீறுங்கள். வெயில் தின்ற நூல் உதிரும்.

விற்பவர்கள் காற்றுள்ள மாலையில் ஓர் ஓட்டு ஓட்டிக் காட்டுகிறார்கள். வாங்குகிறவரும் வேகத்தில் கிறங்கிப் பணத்தை எண்ணிவிடுகிறார். சோதனை ஓட்டம் என்பது கவிழ்த்து நிமிர்த்துவதாக இருக்க வேண்டும். ஆழமான இடத்தில், பக்கத்தில் ஒரு மோட்டார் படகு நிற்க, வாங்கப்போகிறவர் தன் கையால் படகைக் கவிழ்த்து, தன் கனத்தாலேயே நிமிர்த்தட்டும். பாய்ப்படகுக் கிளப்புகள் இதை வழக்கமாக்கினால் நல்லது. இதற்குச் சம்மதிக்காத விற்பனையாளரிடம் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் நான் வாங்க மாட்டேன்.