அந்த ஒரு நாள் சம்பளம் யார் கணக்கில்?



பீரியட்ஸ் நாளில் சம்பளத்தோடு லீவு என்று கர்நாடக அரசு 2025 நவம்பரில் உத்தரவே போட்டுவிட்டது. 18 முதல் 52 வயது வரை வேலைக்குப் போகும் பெண்களுக்கு மாதம் ஒரு நாள், வருஷத்துக்கு 12 நாள். டாக்டர் சர்ட்டிஃபிகேட் கேட்கக் கூடாது. ஹோட்டல் முதலாளிகள் சங்கம் கோர்ட்டுக்குப் போனது. இங்கே தமிழ்நாட்டிலும் பேச்சு வந்துவிட்டது. பேச்சு எடுத்த உடனே வருகிற கேள்வி ஒன்றுதான்: "அப்புறம் பொம்பளைங்கள யாரு வேலைக்கு எடுப்பாங்க?"

கேள்வியில் தப்பில்லை. 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றமும் இதே கவலையைத்தான் சொன்னது. அதற்கு முந்தைய டிசம்பரில், அன்றைய அமைச்சர் ஸ்மிருதி இரானி, மாதவிடாய் ஒரு குறைபாடு அல்ல என்று மாநிலங்களவையில் சொன்னார். சரி, குறைபாடு என்று யார் சொன்னது? பிரசவமும் குறைபாடு இல்லைதான். அதற்கு 26 வாரம் கொடுக்கிறோமே!

பீகாரில் 1992லிருந்தே அரசுப் பெண் ஊழியர்களுக்கு மாதம் இரண்டு நாள் லீவு உண்டு. லாலு பிரசாத் முதல்வராக இருந்தபோது வந்தது. முப்பது வருஷத்துக்கு மேல் ஆகியும் அங்கே குடி ஒன்றும் முழுகிவிடவில்லை. ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அங்கே சம்பளம் கஜானாவிலிருந்து போகிறது. இருபது பெண்களை வைத்துத் தையல் யூனிட் நடத்துகிறவருக்கு அது கைக்காசு. அடுத்த முறை ஆள் எடுக்கும்போது அவர் மனசுக்குள் கணக்குப் போட மாட்டாரா? போடுவார்.

அதனால் என் கட்சி இது: லீவைக் கட்டாயமாக்க வேண்டும். செலவை ஒரே முதலாளி தலையில் கட்டக் கூடாது.

வழி புதிதாகத் தேட வேண்டியதில்லை. இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குகிறவர்களுக்காக முதலாளி 3.25 சதவீதமும் தொழிலாளி 0.75 சதவீதமும் கட்டுகிறார்கள். உடம்பு சரியில்லை என்று டாக்டர் எழுதிக் கொடுத்தால், 70 சதவீதச் சம்பளம் அந்த நிதியிலிருந்து வரும். ஆனால் பொதுவாக முதல் இரண்டு நாளுக்குக் கிடையாது. மூன்றாம் நாளிலிருந்துதான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுக்க வைப்பதே அந்த முதல் இரண்டு நாள்தானே? விதியை எழுதியவர்கள் வீட்டில் பெண்களே இருந்திருக்க மாட்டார்களோ!

அந்த விதியை மட்டும் தளர்த்தி, மாதம் ஒரு நாளை இ.எஸ்.ஐ. ஏற்றுக்கொண்டால் என்ன? ஆண்களை மட்டுமே வேலைக்கு வைத்திருக்கும் கம்பெனியும் அந்த நிதிக்குப் பணம் கட்டுகிறது. பெண்ணை ஒதுக்கினால் யாருக்கும் காசு மிச்சமாகாது.

லீவு இல்லாத இடத்தில் என்ன நடக்கிறது என்பதையும் நம் மாநிலமே காட்டியிருக்கிறது. தமிழ்நாட்டு ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளில் வேலை செய்த சுமார் நூறு பெண்களைச் சந்தித்து, தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளை 2019ல் ஒரு செய்தி வெளியிட்டது. வயிற்று வலி என்று சொன்னால் சூப்பர்வைசர் ஒரு மாத்திரை கொடுப்பாராம். அட்டையும் இல்லை, பெயரும் இல்லை. முழுங்கிவிட்டு மெஷினில் உட்கார வேண்டியதுதான். நம் மகளுக்கு யாராவது இப்படிப் பேர் தெரியாத மாத்திரை கொடுத்தால் சும்மா இருப்போமா?

ஓய்வு கேட்டால் சலுகை கேட்கிறார்கள் என்பது பழைய பாட்டு. வட சென்னையில், வியாசர்பாடியிலிருந்து கூப்பிடு தூரத்தில்தான் பின்னி மில் இருந்தது. 1918ல் அங்கே சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானபோது, முதலில் எழுந்த குறைகளில் ஒன்று மதியச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் போதவில்லை என்பது. இன்று அதை யாராவது சலுகை என்பார்களா?

மில் 1996ல் மூடிவிட்டது. இன்று அந்தப் பக்கத்தில் எத்தனையோ வீடுகளில் அடுப்பு எரிவது பெண்களின் சம்பாத்தியத்தில். காலை ஆறரைக்கு எம்.கே.பி. நகர் பஸ் ஸ்டாண்டில் நின்று பாருங்கள். அண்ணா நகர், கீழ்ப்பாக்கம் பக்கம் வீட்டு வேலைக்குப் போகிறவர்கள் டிஃபன் பாக்ஸும் கையுமாக நிற்பார்கள். கர்நாடக உத்தரவு ஃபேக்டரி, கடை, தோட்டம், பீடி, மோட்டார் போக்குவரத்து நிறுவனங்களுக்குத்தான். வீட்டு வேலை அதில் வராது. இங்கே அவர்களுக்கு 2007லிருந்து தனி நல வாரியம் இருக்கிறது. வாரியத்தின் அட்டை கையில் இருக்கும், சம்பள லீவு இருக்காது.

அவர்களுக்கு முதலாளி யார்? நீங்களும் நானும்தான்.

இரண்டாம் நாள் உதிரப்போக்கோடு மூன்று வீடு. குனிந்து பெருக்க வேண்டும், உட்கார்ந்து துடைக்க வேண்டும், அதற்கப்புறம் ஒரு பக்கெட் துணி. நாப்கின் மாற்ற எந்த வீட்டு பாத்ரூமைக் கேட்பது? பல வீடுகளில் கழுவுவதற்கு மட்டும்தான் அந்தக் கதவு திறக்கும். மதியம் வீடு திரும்பும் வரை அதே நாப்கினோடுதான். அன்றைக்கு வரவில்லை என்றாலோ மாசக் கடைசியில் சம்பளப் பிடிப்பு.

இதற்குச் சட்டம் வரும் வரை ஏன் காத்திருக்க வேண்டும்? மாதம் ஒரு நாள், முடிந்தால் இரண்டு நாள், சம்பளம் பிடிக்காத லீவு என்று இந்த மாதமே சொல்லிவிடலாம். காரணம் மட்டும் கேட்காதீர்கள். ஜப்பானில் இந்த லீவு 1947லிருந்தே சட்டத்தில் இருக்கிறது. மேலதிகாரியிடம் போய்ச் சொல்லக் கூச்சப்பட்டே பலர் எடுப்பதில்லை. "அக்கா, நாளைக்கு வரல" என்று போன் வந்தால், "சரிம்மா, ரெஸ்ட் எடு" என்பதோடு முடியட்டும். அன்றைக்குப் பாத்திரம் யார் தேய்ப்பது? உங்கள் வீட்டு ஆண்களுக்கும் இரண்டு கை இருக்கிறதே!

அபார்ட்மென்ட்டில் இருக்கிறவர்களுக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. கீழே பார்க்கிங் பக்கம் வேலைக்காரர்களுக்கென்று ஒரு டாய்லெட் கட்டியிருப்பார்கள். அதில் தண்ணீர் வருகிறதா, மூடி போட்ட குப்பைக் கூடை இருக்கிறதா, சாவி யாரிடம் இருக்கிறது என்று அடுத்த அசோசியேஷன் மீட்டிங்கில் கேளுங்கள். என்ன பதில் வந்தது என்று எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்