முழு பிளாட்டும் வேணாம், ரோட்டவேட்டரும் வேணாம்

இங்கிலாந்துல அலாட்மெண்ட் கிடைச்சிருக்குன்னு ஒருத்தர் சொன்னா போதும், அறிவுரை அய்யாசாமிகள் கிளம்பிடுறாங்க. "முழு பிளாட்டையும் எடு, ரோட்டவேட்டர் விட்டு ஒரே நாள்ல உழுதுடு!"

முழு பிளாட்னா 10 ராட். சுமார் 250 சதுர மீட்டர், சென்னைக் கணக்குல ஒரு கிரவுண்டுக்கும் மேல. வாரம் பூரா பொட்டி தட்டுறவன் சனி ஞாயிறுல இதைக் கட்டி மேய்க்க முடியுமாங்க?

ரோட்டவேட்டர் இன்னும் மோசம். பைண்ட்வீட், கவுச் கிராஸ் ரெண்டும் நம்ம அருகம்புல் மாதிரி, துண்டுலேர்ந்தே முளைக்கிற ரகம். ஒண்ணை இருபதா வெட்டினா இருபதும் முளைக்கும். காப்பி பேஸ்ட் பண்ணின பக் கணக்கா!

ஜூன்ல காடு, அப்புறம் கவுன்சில் நோட்டீஸ், கடைசில "நமக்கு விவசாயம் ஒத்துவராது"ன்னு புலம்பல். பல ஊர்ல வருஷக்கணக்கா வரிசைல நிக்கிறவங்க வயிறு எரியாதா? 1908 சட்டம் கவுன்சில் தலையில இந்தக் கடமையைக் கட்டினது களை வளர்க்கவா?

கால் பங்கு போதும். மிச்சத்தை அட்டையும் கறுப்பு ஷீட்டும் போட்டு மூடுங்க. ஏப்ரல்ல உருளை, உறைபனி போனதும் பீன்ஸ். அடுத்த வருஷம் இன்னொரு கால். கவுன்சிலும் புதுசா வர்றவங்களுக்கு கால் பிளாட்டே கொடுக்கட்டும். ஒரு பிளாட்டுக்கு நாலு பேர் வரிசைலேர்ந்து குறைவாங்க.

இல்லேங்கிறவங்க பின்னூட்டத்துல வாங்க, ஒரு கை பார்த்துடலாம்!